மட்டக்குழாயின் மறுமுனை

அன்று முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு நேரே, கை உடையாத ஒரே நாற்காலியில் பெண்கள் விடுதியின் காப்பாளர் அம்மாள். அவருக்கு எதிரே, கட்டிலின் விளிம்பில், வீட்டுக்குப் பெரியவரான மேஸ்திரி. அவருக்குப் பக்கத்தில், இருபது வருஷம் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் பதித்ததில் முழங்கால் மடங்காமல் போன அவருடைய தம்பி, காலை நீட்டியபடி. ஜன்னலோரம், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் தம்பியின் மனைவி சின்னவள். மேஸ்திரியின் மனைவி பெரியவள் மேசையடியில் இருந்தாள். பேனாவும் தாளும் அங்கேதான் இருந்தன. அவை இருக்கும் இடத்தில் அவள் இருப்பாள் என்பது பதினெட்டு வருஷமாக அந்த வீட்டின் ஏற்பாடு.

மேசை மூலையில் கிடந்ததால் பெரியவளுக்கு யாருடைய முகமும் முழுசாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. காப்பாளர் அம்மாள் பேசியதெல்லாம் பெயிண்ட் வாளியைப் பார்த்து.

"மொத்தம் நாப்பது பாத்ரூம்மா. எல்லாத்தையும் பேத்துட்டுப் புதுசா போடணும். பொண்ணுங்க அங்கேயே தங்கித்தான் இருப்பாங்க, மாடி மாடியாத்தான் வேலை. போன தடவை பைப் மாத்த நாலு ஆம்பளைங்க வந்தாங்க. மூணு நாள் ஒருத்தியும் குளிக்கலை. கதவுக்கு வெளியில ஆள் நின்னா எப்படிக் குளிப்பா? அதனால பொம்பளை நடத்தற கம்பெனிக்குத்தான் வேலைன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்."

சின்னவள் தலையாட்டினாள். இடுப்பில் அளவு டேப் செருகியிருந்தாள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எதை அளக்கப் போகிறாள் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். குளியலறை ஒழுகல் பார்க்கிறேன் என்று தனியாகக் கிளம்பி இரண்டு வருஷம். வெள்ளைப் பலகையில் நீல எழுத்தில் அவள் பெயர், அதன் கீழே போன் நம்பர், வீட்டு வாசலிலேயே தொங்கியது. பெரியவள் தினம் காலையில் வாசலைக் கூட்டும்போது அந்தப் பலகையின் கீழே கூட்டினாள். அதில் தூசி படிந்தால் துடைப்பதில்லை. மழையில் பெயரின் முதல் எழுத்து லேசாகக் கரைந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுவாரமே சின்னவள் புதுப் பலகை எழுதி வாங்கிவிட்டாள், முன்னதைவிடப் பெரிதாக.

"அது சரி, உனக்கு எப்படிம்மா இந்தத் தொழில்ல ஆசை வந்துச்சு?" என்று காப்பாளர் கேட்டார்.

"ஒரு வீட்டுல பாத்ரூம் ஒழுகுதுன்னு இவருக்கு போன் வந்துச்சு. இவருக்கு முட்டி வலி, நான் போனேன். அந்த அம்மா தனியா இருந்தாங்க. கதவைத் தொறந்து என்னைப் பாத்ததும் 'அப்பாடா'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. வர்ற வழியெல்லாம் அந்த 'அப்பாடா'தான் காதுல கேட்டுச்சு. இந்த ஊருல இன்னும் எத்தனை பேர் அப்படிச் சொல்லக் காத்துக்கிட்டு இருக்காங்களோன்னு தோணுச்சு."

காப்பாளர் மனம் விட்டுச் சிரித்தார். மேஸ்திரி பெருமையாக மீசையைத் தடவினார். பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. பதில் நன்றாக இருந்ததுதான் காரணம். அதை எழுதச் சொல்லியிருந்தால் அவள்கூட இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டாள். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் காப்பாளர். "இவ்வளவு பெரிய வேலையைத் தர்றதுன்னா, இதுக்கு முன்னால செஞ்ச வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் லெட்டர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள தபால்ல வந்துடணும். நேர்ல குடுத்தா வாங்க மாட்டாங்க, சிபாரிசுன்னு பேச்சு வரும்."

"அதுக்கென்ன, கிளினிக் பாத்ரூம் பதினொண்ணையும் இவதானே பாத்தா" என்றார் மேஸ்திரி. மேசைப் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டி, "குறிச்சுக்கோ" என்றார்.

பெரியவள் குறித்துக்கொண்டாள்.

கிளினிக் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினொரு குளியலறைகளுக்கும் டைல்ஸ் பதித்தது தம்பியும் சின்னவளும். ஆனால் எந்த மூலையில் எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சரிவு குறித்தது பெரியவள். டைல்ஸ் யாரும் பதிக்கலாம். ஊற்றிய தண்ணீர் தயங்காமல் ஓட்டையைத் தேடிப் போவதில்தான் வேலை இருக்கிறது. அதற்கு மட்டக்குழாய் பிடிக்க வேண்டும். கண்ணாடி மாதிரியான நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு சுவரில் வைத்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து கீழே அளந்து தரையின் சரிவைக் குறிக்க வேண்டும். பெரியவள் பதினெட்டு வருஷமாக அந்தக் குழாயின் ஒரு முனை. மறுமுனையில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள்; கிளினிக்கில் சின்னவள்.

கல்யாணமான புதிதில், ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது கலவை பூசும் கரணையை எடுத்து நாலு டைல்ஸ் அவளே பதித்துப் பார்த்தாள். மேஸ்திரி வந்து பார்த்துச் சிரித்தார். "உன் கையெழுத்துக்கே நாலு வேலை வரும், இது எதுக்கு உனக்கு" என்றார். அன்று அதைப் பாராட்டு என்று நினைத்தாள். அந்த நாலு டைல்ஸையும் அவர் பேர்த்தெடுக்கவில்லை, அவை சரியாகத்தான் இருந்தன என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் கம்பெனியின் எல்லாக் கடிதங்களும், எல்லா விலைப்பட்டியல்களும் அவள் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில் அவர் கையொப்பம்.

காப்பாளர் போனதும் பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்துக்கு உட்கார்ந்தாள். ஒரு கடிதத்தால் ஒருவரைத் தூக்கிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். திட்டாமல், பொய் சொல்லாமல், ஒருவரைக் கீழே இறக்கவும் முடியும் என்பது கடிதம் எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். மூன்று தாள் கிழித்தபின் நாலாவதில் அந்த வரி வந்து விழுந்தது.

'இவர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னபடி செய்யக்கூடியவர்.'

படித்துப் பார்த்தாள். தேன் தடவினாற்போல இருந்தது. எந்தக் கமிட்டியும் இதைப் படித்துவிட்டு நாற்பது குளியலறைகளை ஒருத்தியை நம்பிக் கொடுக்காது. சின்னவளே படித்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். பெரியவளுக்கு அந்த வரியின் மேல் ஒரு ஆசையே வந்துவிட்டது. சுத்தப் பிரதி எடுக்கப் பேனாவைத் திறந்தவள், மூடினாள். பார்க்காமல் எதையும் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. கிளினிக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். பார்த்தால் சின்னவள் பதித்ததில் ஏதாவது கோணலும் அகப்படலாம். அகப்பட்டால் அதையும் மரியாதையாக ஒரு வரி சேர்க்கலாம்.

மறுநாள் காலை பழைய அளவு நோட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். துப்புரவு வேலை பார்க்கிற அம்மாளிடம் ஒரு குவளை வாங்கி, ஒவ்வொரு அறையாக மூலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர், வீட்டில் வளர்த்த பிராணி மாதிரி, ஓட்டையைப் பார்த்து ஓடியது. 'என் கோடு' என்று ஒவ்வொரு அறையிலும் சொல்லிக்கொண்டாள். ஏழாவது அறையில் விளக்கைப் போட்டதும் நின்றாள். தரையின் நிறம் மற்ற அறைகளைவிட ஒரு இழை வெளுப்பு. வேறு சமயத்தில் வாங்கிய டைல்ஸ் பெட்டி. அப்படியானால் இந்த அறை மறுபடி பதிக்கப்பட்டிருக்கிறது.

அகப்பட்டது என்று நினைத்தாள்.

"இந்த ரூமை யாரு பேத்தாங்க?"

"உங்க வீட்டுச் சின்னம்மாதான்" என்றாள் துப்புரவு அம்மாள், துடைப்பத்தில் சாய்ந்தபடி. "கிளினிக் தெறந்து ஒரு மாசத்துல அந்த மூலையில தண்ணி குளமா நின்னுச்சு. நான்தான் அவங்களுக்கு போன் பண்ணேன். லீவு நாளா பாத்து மூணு நாள் வந்தாங்க. ஒத்த ஆளு. பேத்து, அளந்து, கலவை போட்டு, டைல்ஸும் போட்டு. யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மான்னாங்க. நீங்க வீட்டு ஆளுதானே, உங்ககிட்டச் சொன்னா என்ன."

"டைல்ஸ் சரியாப் போடலையா மொதல்ல?"

"டைல்ஸெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அடியில கோடே தப்புன்னாங்க."

பெரியவள் நோட்டைத் திறந்தாள். ஏழாவது அறைக்கான வரி மட்டும் மேல்நோக்கிச் சரிந்து ஓடியிருந்தது. மற்ற பத்து வரிகளும் கோடு போட்ட தாளில் எழுதினாற்போல நேராக இருந்தன. அவள் கையெழுத்து எப்போது கோணும் என்று அவளுக்குத் தெரியும்: நோட்டைத் தொடையில் வைத்து ஒற்றைக் கையால் எழுதும்போது. அப்படியானால் மறுகையில் அப்போது என்ன இருந்தது? மட்டக்குழாய். குழாயைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வார்கள். இடம் வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தண்ணீர் நகராது, பொய்யான உயரத்தில் நிற்கும். புதிதாக வந்த சித்தாளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஏழாவது அறையில் அவள் எழுதுகிற அவசரத்தில் கட்டைவிரலை எடுக்கவில்லை.

அங்கேயே, ஈரத் தரையின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தாள். வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததும் கொஞ்சம்தான். அதன் மேல் ஏறிக்கொண்டு வந்தது வேறொன்று. இத்தனை நாள் சின்னவளின் பலகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், போன் அடிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இனி அவளுடைய நல்ல மனசையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். கெட்டிக்காரியாக இருந்து தொலைக்கட்டும். நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் மனுஷி எங்கேதான் போவாள்.

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் பின்கட்டில் ஒரு வாளியில் டைல்ஸ் வெட்டும் பிளேடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் நம்பர் ரூமைப் பேத்தியா?"

சின்னவள் நிமிர்ந்தாள். மறுக்கவில்லை. "அந்தத் தொடைப்பக்காரம்மா வாயில ஒண்ணும் நிக்காது."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை? பெரியவ மனசு நோகுமேன்னா?"

"அய்ய, அதெல்லாம் இல்லக்கா." சின்னவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். "சொன்னா நீங்க கூட வந்துடுவீங்க. வந்தா நீங்கதான் கோடு போடுவீங்க, இவர் டைல்ஸ் போடுவார், நான் கலவைச் சட்டியைத் தூக்கிக்கிட்டு நிப்பேன். எனக்கு ஒரே ஒரு ரூம் முழுசா, மொத்தமும் நானே போட்டுப் பாக்கணும்னு அப்படி ஒரு வெறி இருந்துச்சு. யாரு குடுப்பா? உங்க தப்பு கெடைச்சுது. விட்டா வராதுன்னு புடிச்சுக்கிட்டேன்."

"அப்ப அந்த 'அப்பாடா' கதை?"

"அதுவும் நடந்ததுதான். ஆனா இதுக்கு அப்புறம். இதை அந்த விடுதி அம்மாகிட்டச் சொல்ல முடியுமா?"

பெரியவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. நல்ல மனசு ஒன்றும் இல்லை. பசிதான். அந்தப் பசி அவளுக்கு நன்றாகத் தெரிந்த பசி. பதினெட்டு வருஷமாக மேசையடியில் வைத்துத் தட்டித் தட்டித் தூங்க வைத்தது. சின்னவள் அதற்கு ஆறு வருஷத்தில் சோறு போட்டுவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"குழாயை எப்படிப் புடிச்சே ஒத்த ஆளா?"

"மறுமுனையைச் செவுத்துல ஆணி அடிச்சுக் கட்டிட்டேன். ஆணிக்குக் கட்டைவிரல் கெடையாது பாருங்க."

பெரியவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, விடவில்லை. "விடுதி வேலைக்கு நானும் எழுதிப் போடப் போறேன்" என்றாள்.

சின்னவள் கையிலிருந்த பிளேடை வாளிக்குள் மெதுவாக இறக்கினாள். "மாமா கம்பெனி பேர்லயா? பொம்பளை கம்பெனி வேணுமாமே."

"என் பேர்ல."

"எனக்கு எதிராவா?"

"உன் பக்கத்துல. நீயும் போடு, நானும் போடறேன். யாருக்குக் குடுக்கணுமோ குடுக்கட்டும்."

"ஆளுக்கு எங்க போவீங்க?"

"நம்ம கம்பெனியில கலவை தூக்கற ரெண்டு அக்காங்க இருக்காங்களே, அவங்க வருவாங்க. இருபது வருஷமா கொத்தனார் கையையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. கரணையைக் கையில குடுத்தா போதும்."

சின்னவள் வாளியிலிருந்து அடுத்த பிளேடை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். "அந்த அக்காங்களை நான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். குரலில் எரிச்சல் இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியவளுக்கு அந்தக் குரல் இனித்தது.

சாயங்காலம் மேஸ்திரி வேலை முடிந்து, கை கால் கழுவி, மேசைக்கு வந்தார். கடிதத்தைக் கையொப்பத்துக்காக எடுத்து வைத்திருந்தாள். அவர் வழக்கமாகப் படிப்பதில்லை. அவள் படித்துக் காட்டுவாள்.

"'கிளினிக்கின் பதினொரு குளியலறைகளுக்கும் தரைச்சரிவு குறித்தவர் என் மனைவி. அவற்றில் ஏழாவது அறையின் சரிவு பிழையானது. அது அவருடைய கவனக்குறைவு. அந்த அறையைத் தனியாகப் பேர்த்து, சரிவு திருத்தி, டைல்ஸ் பதித்தவர் என் தம்பி மனைவி. மற்ற பத்து அறைகளுக்கும் டைல்ஸ் பதித்ததில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. இருவருடைய வேலையையும் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.'"

"நில்லு, நில்லு. உன் பேரு எதுக்கு இதுல? உன் தப்பு எதுக்கு?"

"நடந்தது அது. இதே லெட்டர்ல ரெண்டு எழுதியிருக்கேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டுலயும் கையெழுத்து வேணும்."

விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒரே வேலைக்கு அடிச்சுக்கிட்டா பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

"நீங்களும் உங்க சிநேகிதரும் ஒரே வேலைக்கு எத்தனை தடவை நின்னீங்க. அதுக்கு டெண்டர்னு பேரு வெச்சீங்க."

"உனக்கு என்ன கொறை வெச்சேன் சொல்லு. இப்ப திடீர்னு எதுக்குத் தொழில்?"

பெரியவள் யோசித்தாள். பெண்கள் முன்னேற்றம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கு ஒத்தாசை. எழுதுவதற்கு லட்சணமான காரணங்கள் ஏழெட்டு அவளிடம் எப்போதும் உண்டு. அடுத்தவர்களுக்காக எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதியவைதான். ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"அவளைப் பாத்து எரிச்சல்" என்றாள். "அவ பலகையைப் பாத்தா எரியுது. நாளைக்கு அவ நாப்பது ரூமையும் முடிச்சுட்டு வந்து நிப்பா, அதுக்கும் நான்தான் லெட்டர் எழுதணும். அப்ப எரியறதை நான் தாங்க மாட்டேன். வேற காரணம் இருந்தா கண்டிப்பா சொல்றேன், இப்போதைக்கு இதுதான்."

மேஸ்திரி இதை எதிர்பார்க்கவில்லை. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். மேசைக்கு வந்து முதல் தாளில் கையொப்பம் போட்டார். இரண்டாவது தாளுக்கு வந்ததும் பேனா நின்றது.

"அப்ப நம்ம கம்பெனி லெட்டரெல்லாம் யாரு எழுதறது?"

"அதுதானா உங்க கவலை."

"வேற என்ன. என் கையெழுத்தை நானே படிக்க முடியாது."

"பழகினா வரும். நான் நாலு டைல்ஸ் போட்டப்ப நீங்க சிரிச்ச மாதிரி நான் சிரிக்க மாட்டேன்."

எந்த நாலு டைல்ஸ் என்று அவருக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதைப் பார்த்தபின் அவளும் விளக்கவில்லை. தாளை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பெருமூச்சு விட்டு, கையொப்பம் போட்டார், முதலாவதைவிடச் சிறிதாக.

சொல்லிக் கொடுத்ததைச் சொன்னபடி செய்யக்கூடியவர் என்ற தாளை அவள் நாலாகக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டாள். நல்ல வரிதான். கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

புதன்கிழமை காலை தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. ஒரு உறையில் சின்னவளின் விண்ணப்பமும் சான்றும். முகவரியைப் பெரியவளே எழுதியிருந்தாள், கேட்காமல். சின்னவளின் எழுத்தில் போனால் தோற்றதற்குக் கையெழுத்தைக் காரணம் சொல்வாள். இன்னொரு உறையில் அவளுடையது. இரண்டையும் மேடையில் வைத்துக் கோந்து தடவினாள். ஒன்றில் ஓரம் தூக்கிக்கொண்டது. சின்னவளுடையது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி விரல் நின்றது. பிறகு இன்னொரு சொட்டுக் கோந்து வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, ஒட்டியதா என்று நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே எடத்துக்குத்தானேம்மா?" என்றார் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவர். "ஒரே கவர்ல போட்டிருக்கலாமே."

"வேண்டாங்க. தனித்தனியாவே போகட்டும்."

"எதை மொதல்ல பதியட்டும்?"

பெரியவள் தன் உறையை முன்னால் தள்ளினாள். அவர் முத்திரை குத்தி, ரசீது கிழித்து, அதைப் பின்னால் இருந்த சாக்குப்பையில் போட்டார். பிறகு மற்றதற்குக் கை நீட்டினார். அதுவும் பைக்குள் விழும்வரை அவள் அங்கேயே நின்றாள்.